பின்னால் கழன்ற உருளையை முன்னால் வைப்பவன்
'இடிக்கல்' பயணம் குறித்துச் சில குறிப்புகள்

1

1987இல் எங்கள் பத்திரிகை அச்சாகிக்கொண்டிருந்த ட்ரெடில் மிஷினை ஒரு சந்திலிருந்து அடுத்த தெருவுக்கு மாற்ற வேண்டியிருந்தது. வண்டி நுழையாத சந்து. ஒரு மேஸ்திரியும் நாலு ஆட்களும் வந்தார்கள். அவர்கள் கொண்டுவந்தவை இரண்டு கடப்பாரை, கொஞ்சம் கட்டைத் துண்டுகள், ஆறு இரும்புப் பைப். கடப்பாரையால் நெம்பி மிஷினைப் பலகைமேல் ஏற்றினார்கள். பலகைக்கடியில் பைப்பைக் கொடுத்துத் தள்ளினார்கள். முக்கால் டன் இரும்பு ஏதோ பெட்டிக்கடையைத் தள்ளுவதுபோல நகர்ந்தது.

மேஸ்திரியோடு அவருடைய அக்கா மகன் ஒருத்தன் வந்திருந்தான். பதினாலு வயசு இருக்கும். மிஷின் முன்னால் போகப்போகப் பின்னால் கழன்று விழும் பைப்பை எடுத்துக்கொண்டு ஓடி முன்னால் வைப்பதுதான் அவன் வேலை. சந்து முடிந்து திரும்புகிற இடத்தில் பைப் கோணிக்கொண்டது. அதை நேராக்கக் கை கொடுத்தான். இரண்டு விரல் உள்ளே போய்விட்டது. மிஷின் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. 'மிஷினுக்கு ஒண்ணும் ஆகலையே?' என்று ஒரு குரல் கேட்டது. கேட்டவன் நான்.

கனமான பொருளைப் 'பத்திரமாக' நகர்த்துவது என்று சொல்கிறோம். யாருக்குப் பத்திரம்? தொழில்நுட்ப வரலாற்று நூல்களை வாசிக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி என்னைத் தொந்தரவு செய்திருக்கிறது. உருளையின் வரலாற்றில் மிகப் பெரிய சாதனை என்று கொண்டாடப்படும் ஒரு நிகழ்வை முன்வைத்து இதைப் பேசிப் பார்க்கலாம்.

2

கனப்பொருளை உருட்டி நகர்த்துவது ஆதிகாலம் தொட்டு இருப்பது என்றொரு பொதுப்புத்தி நம்மிடம் உண்டு. பிரமிடுக் கற்களுக்கடியில் மரத்தடிகள் உருளும் படத்தைப் பள்ளிப் புத்தகத்திலேயே பார்த்திருக்கிறோம். ஆனால் எகிப்தியர் தாமே வரைந்துவைத்த சாட்சி வேறு. ஏறக்குறைய கி.மு. 1900ஐச் சேர்ந்த ஜெகுதிஹோதெப்பின் கல்லறைச் சுவரில் ஒரு மாபெரும் சிலையை 172 பேர் இழுக்கிறார்கள். சிலை சறுக்குப் பலகை மேல் இருக்கிறது. உருளை எதுவும் இல்லை. சிலையின் காலடியில் நிற்கும் ஒருவன் முன்னாலுள்ள மணலில் தண்ணீர் ஊற்றுகிறான். இது சடங்கு என்று வெகுகாலம் விளக்கப்பட்டது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் 2014இல் சோதித்துப் பார்த்தார்கள். சரியான அளவு ஈரமுள்ள மணலில் இழுவிசை பாதியாகக் குறைகிறது. வேலை செய்தவனின் அறிவை மூவாயிரத்துத் தொள்ளாயிரம் ஆண்டு கழித்து ஆய்வகம் அங்கீகரிக்க வேண்டியிருந்தது. அதுவரைக்கும் அது சடங்கு!

உருளையின் சூத்திரம் எளிது. பரப்பும் பரப்பும் உரசும்போது எழும் தடை, உருளும்போது பலமடங்கு குறைகிறது. ஆனால் நீள உருளைக்கு ஒரு குணம் உண்டு. தன் அச்சுக்குக் குறுக்கே மட்டும்தான் அது ஓடும். கொஞ்சம் கோணினாலும் சுமையை இழுத்துக்கொண்டு தன் வழியே போய்விடும். எங்கள் சந்துமுனையில் நடந்தது அதுதான். கோளத்துக்கு இந்தப் பிடிவாதம் கிடையாது. இத்தாலியின் நேமி ஏரியில் 1930ஐ ஒட்டி வெளிப்பட்ட ரோமானியக் கப்பல்களில் கோளங்கள் மேல் சுழலும் மேடையின் பகுதிகள் கிடைத்தன. அக்கப்பல்கள் 1944இல் எரிந்துபோயின. ஆக, கோளத்தின் மேல் சுமையை வைப்பது பழைய யோசனைதான். ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட சுமைக்கு அதைச் செய்து காட்டியது பதினெட்டாம் நூற்றாண்டு ரஷ்யா.

3

பீட்டருக்குச் சிலை வைக்க விரும்பினாள் இரண்டாம் கேதரின். திதரோவின் பரிந்துரையில் பிரெஞ்சுச் சிற்பி ஃபால்கோனே வந்தார். குதிரைமேல் பீட்டர், குதிரைக்கடியில் ஒரு பாறை, அது ஒற்றைக் கல்லாக இருந்தால் நல்லது. 1768இல் பின்லாந்து வளைகுடாவை ஒட்டிய லாக்தா சதுப்பில் அப்படியொரு பாறை கிடப்பதைச் சொன்னவர் சிமியோன் விஷ்னியகோவ் என்ற குடியானவர். இடி விழுந்து பிளந்ததால் உள்ளூர்க்காரர்கள் அதை 'இடிக்கல்' என்றார்கள். எடை சுமார் 1,500 டன் என மதிப்பிடப்படுகிறது. பாதி மண்ணுக்குள் புதைந்து கிடந்தது.

அதை நகர்த்தும் பொறுப்பு மரின் கார்புரி என்ற கிரேக்கருக்கு வந்தது. கெஃபலோனியாத் தீவில் பிறந்தவர். ஒரு பெண்ணைக் கத்தியால் தாக்கிய குற்றத்துக்காக வெனிஸ் ஆட்சிப்பகுதியை விட்டு ஓடி, லாஸ்காரிஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டு ரஷ்ய சேவையில் நுழைந்தவர். நீள உருளைகள் இவ்வளவு எடைக்கு உதவாது என்று அவர் கண்டார். அவருடைய ஏற்பாடு இது: கனத்த மரத்தண்டவாளங்களில் வாய்க்கால்போலக் குழி வெட்டி உலோகத் தகடு பதிப்பது, அதில் ஐந்தங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட விட்டமுள்ள உலோகக் கோளங்களை இடைவெளிவிட்டு வைப்பது, கல்லைத் தாங்கும் சட்டத்தின் அடியிலும் அதேபோல் கவிழ்ந்த குழி. இரும்புக் கோளங்கள் எடை தாங்காமல் நொறுங்கின. செம்பு சேர்ந்த உலோகக் கலவைதான் தாங்கியது.

சதுப்பு உறைந்து இறுகினால்தான் கல் புதையாது. எனவே குளிர்காலம் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1769 நவம்பரிலிருந்து 1770 மார்ச் வரை சுமார் ஆறு கிலோமீட்டர். மாடு, குதிரை கிடையாது. ஏறக்குறைய நானூறு பேர். செக்கைச் சுற்றுவதுபோல மரச்சுற்றுகளைச் சுற்றி வடத்தை இழுத்தார்கள். நல்ல நாளில்கூட 150 மீட்டருக்கு மேல் நகரவில்லை. இருக்கிற தண்டவாளம் கொஞ்ச தூரத்துக்குத்தான். கல் கடந்ததும் பின்னாலிருந்து தூக்கி வந்து முன்னால் பதிக்க வேண்டும். கல்லின் உச்சியில் முரசடிப்போர் நின்று சைகை கொடுத்தார்கள். கல்தச்சர்கள் போகிற போக்கிலேயே செதுக்கினார்கள். உளி காய்ச்ச ஓர் உலைக்களமே கல்மேல் ஏற்றப்பட்டிருந்தது.

1770 ஜனவரியில் கேதரின் வந்து பார்த்தாள். நினைவுப் பதக்கம் அடிக்கப்பட்டது. உதிர்ந்த சில்லுகளைக் கைத்தடிப் பூணாகவும் மோதிரக் கல்லாகவும் பிரபுக்கள் அணிந்துகொண்டார்கள். பிறகு தெப்பம், இரு கப்பல்கள் துணை, 1770 இலையுதிர்காலத்தில் நேவாக் கரையில் இறக்கம். 1782 ஆகஸ்டில் சிலை திறக்கப்பட்டது. ஃபால்கோனே அதற்கு நான்கு ஆண்டு முன்பே மனக்கசப்போடு ஊர் திரும்பியிருந்தார்.

4

இந்தக் கதையாடலில் 'பத்திரம்' என்ற சொல் எங்கெங்கே வருகிறது என்று பாருங்கள். கல் உடையாமல் இருக்க, கல் புதையாமல் இருக்க, கல் மூழ்காமல் இருக்க. குளிர்காலம் கல்லுக்குப் பத்திரம். பின்லாந்து வளைகுடாவின் ஜனவரியில் வெறுங்கையால் உலோகக் கோளத்தைத் தொடுகிறவனுக்கு அது என்ன என்ற கேள்வியே எழவில்லை. கார்புரி 1777இல் பாரீசில் வெளியிட்ட நூலில் கருவிகளின் பாகங்கள் தனித்தனியாக, அளவுகளோடு வரையப்பட்டுள்ளன. ஃபெல்டன் வரைந்து செதுக்கோவியமாக வெளிவந்த புகழ்பெற்ற காட்சியில் கல் முக்கால் பங்கு, அரசியின் பரிவாரம் ஒரு பங்கு. இழுப்பவர்கள் எறும்புச் சாரை.

பிரெக்டின் 'வாசிக்கத் தெரிந்த தொழிலாளி' கவிதையை நாமெல்லோரும் வேண்டிய அளவு மேற்கோள் காட்டியாயிற்று. கட்டியவன் பெயர் இல்லை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது இன்று ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. என் கவலை பெயர் பற்றி மட்டுமல்ல. எது 'அறிவு' என்று பதிவாகிறது, எது 'உழைப்பு' என்று கழிக்கப்படுகிறது என்பதே பிரச்சினை. கோள ஏற்பாட்டைக் கண்டவன் பீட்டர்ஸ்பர்க்கின் பெயர் தெரியாத கொல்லன் ஒருவன், அவனிடமிருந்து சொற்பக் காசுக்குக் கார்புரி வாங்கிக்கொண்டார் என்றொரு கதை ரஷ்யாவில் வழங்கி வருகிறது. அது உண்மையாக இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அப்படியொரு கதை உயிரோடு இருப்பதே ஒரு வழக்கு தீர்க்கப்படாமல் கிடப்பதற்கு அடையாளம்.

கோளங்கள் ஒன்றோடொன்று நெருங்கி முட்டாதபடி இரும்புத் தடியால் தள்ளிவிட்டுக்கொண்டே கூட நடந்த ஆட்கள் இருந்தார்கள். எந்தக் கோளம் பிந்துகிறது, எது திணறுகிறது என்று கண்ணாலும் காதாலும் அறிந்தவர்கள். இந்த அறிவு இல்லாமல் வரைபடம் ஓர் அடிகூட நகராது. வரைபடத்தில் அதற்கு இடமும் கிடையாது.

அறிவொளிக் காலம் என்கிறோம். கேதரின் வால்டேருக்குக் கடிதம் எழுதினாள். திதரோ 1773இல் நேரிலேயே வந்து தங்கினார். அதே கேதரின் 1767இல் பண்ணையடிமைகள் தம் ஆண்டைமீது அரசிக்கு முறையீடு செய்வதையே தண்டனைக்குரிய குற்றமாக்கினாள். கல் நேவாக் கரைக்கு வந்து மூன்றாண்டுக்குள் புகச்சேவ் கிளர்ச்சி. 1775 ஜனவரியில் மாஸ்கோவில் புகச்சேவின் தலை துண்டிக்கப்பட்டது. அதே ஆண்டு பீட்டரின் வெண்கல வார்ப்பு தொடங்கியது. அறிவொளியும் அடிமைத்தனமும் எதிரெதிர் என்று நம்புகிறவர்கள் இந்த நாட்காட்டியை ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும். புஷ்கின் 1833இல் எழுதிய 'வெண்கலக் குதிரைவீரன்' கவிதையில் அந்தச் சிலை ஓர் ஏழைக் குமாஸ்தாவைத் தெருத்தெருவாகத் துரத்துகிறது. பாறையை நகர்த்தியவர்களின் பேரன்மாருக்கு அது ஆச்சரியமாக இருந்திருக்காது.

கார்புரியின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். சொந்தத் தீவுக்குத் திரும்பி, கரும்பும் அவுரியும் பயிரிட முயன்றார். 1782இல், சிலை திறந்த அதே ஆண்டு, தன் தோட்டத்தில் வேலைக்கு வைத்திருந்த ஆட்களாலேயே கொல்லப்பட்டார். இதை வரலாற்றின் பழிதீர்ப்பு என்று சிலாகிக்க எனக்கு விருப்பமில்லை. ஆயிரம் டன் கல்லுக்கடியில் எது நொறுங்கும், எது தாங்கும் என்று அவ்வளவு துல்லியமாகக் கணித்தவர் தன் தோட்டத்து ஆட்களைக் கணிக்கவில்லை. அவ்வளவுதான்.

5

நான் உருளைக்கு எதிரி அல்ல. தொழில்நுட்பம் என்றாலே ஆதிக்கம் என்று ஒரே அடியாக நிராகரிக்கும் போக்கு நம் நண்பர்கள் சிலரிடம் உண்டு. மூட்டை தூக்கி முதுகெலும்பு தேய்ந்தவரிடம் போய் அதைச் சொல்லிப் பார்க்க வேண்டும். 1794இல் வேல்சைச் சேர்ந்த பிலிப் வாஹன் வண்டி அச்சுக்கான பால் பேரிங்குக்குக் காப்புரிமை பெற்றார். இதில் கோளங்கள் வட்டமான பள்ளத்துக்குள் ஓடுகின்றன. பின்னால் போன கோளம் தானே சுற்றிக்கொண்டு முன்னால் வருகிறது. எடுத்துவந்து வைக்க ஆள் தேவையில்லை. அந்தப் பையன் செய்த வேலையை ஒரு வளையம் செய்கிறது. அது விடுதலைதான், சந்தேகமே வேண்டாம். ஒரு மனிதன் 55 கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இல் பரிந்துரைத்தது. சக்கரம் கண்டு ஐயாயிரம் ஆண்டுக்குப் பிறகும் அப்படி எழுதவேண்டி வந்ததை யோசிக்க வேண்டும். கூலி மலிவாக இருக்கும் இடத்துக்கு வளையம் தாமதமாகத்தான் போய்ச் சேர்கிறது. கருவி இல்லாததால் அல்ல. விரலின் விலை பைப்பின் விலையைவிடக் குறைவாக இருப்பதால்.

அந்தப் பையனுக்கு ஒரு விரலை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிச் செலவில் பாதியைக் கொடுத்தோம். மீதியை மேஸ்திரி தன் கூலியில் கழித்துக்கொண்டார். புது இடத்தில் அந்த மிஷினில் முதலில் அச்சான இதழில் உழைப்பின் அந்நியமாதல் பற்றி நான் எழுதிய கட்டுரை வந்தது. நல்ல கட்டுரை என்று பலர் கடிதம் போட்டார்கள். மேஸ்திரியைப் பிறகு ஒருமுறை பார்த்தபோது, 'திருப்பத்துல பைப்பக் கையால தொடக்கூடாதுங்க, கட்டையால தட்டணும். அவனுக்குச் சொல்லித்தர எனக்கு நேரமில்லாமப் போச்சு' என்றார். உருளை பற்றி நான் வாசித்த எந்தப் புத்தகத்திலும் இந்த வாக்கியம் இல்லை.