மெட்டோடு நின்றுவிட வேண்டாம்

மராத்தி அம்பேத்கரியப் பாடல்களை மொழி தெரியாமலே நாம் ரசிக்கிறோம். 'ஜெய் பீம்' என்ற சொல் வந்ததும் சேர்ந்து பாடுகிறோம். எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்களிடம் அம்பேத்கரைச் சேரி சேரியாகக் கொண்டுசேர்த்தவர்கள் ஷாகிர் எனப்படும் மக்கள் பாடகர்கள். விலாஸ் கோக்ரே அவர்களில் ஒருவர்.

1997 ஜூலை 11 அன்று மும்பை ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போடப்பட்டது. கொதித்தெழுந்த மக்களைப் போலீஸ் சுட்டது; 10 பேர் இறந்தனர். அந்தத் துயரத்தில் சில நாட்களிலேயே கோக்ரே தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ஆனந்த் பட்வர்தனின் 'ஜெய் பீம் காம்ரேட்' (2011) ஆவணப்படம் அவர் குரலை மகாராஷ்டிரத்துக்கு வெளியேயும் ஒலிக்கச் செய்தது.

புரியாமல் ரசிப்பது தவறல்ல. மெட்டுதான் நம்மை அழைத்துவந்தது. ஆனால் இந்தச் சொற்களுக்காக வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள். தோழர்களே, ஒரு பாட்டுக்காவது பொருள் கேட்டறிந்து பாடுவோம்.