வாரம் ஒரு பகுதி: யூத மக்கள் வளர்த்த அறநெறி மரபு

மண்ணை இழந்த மக்கள் காலப்போக்கில் மொழியையும் மரபையும் இழந்து, சென்ற இடத்து மக்களோடு கலந்து மறைந்துபோவது வரலாற்றில் அடிக்கடிக் காணும் நிகழ்ச்சி. பாபிலோனியரும் பினீசியரும் ஒரு காலத்தில் நிலத்திலும் கடலிலும் புகழோடு விளங்கியவர்கள். இன்று அவர்தம் பெயரைக் கல்வெட்டிலும் களிமண் ஏட்டிலும் மட்டுமே படிக்கிறோம். அவர்களுக்கு அருகே வாழ்ந்த சிறியதோர் இனமாகிய யூத மக்களோ, நாடின்றி, அரசின்றி, பற்பல தேயங்களில் சிதறி வாழ்ந்தும் அழியாது நின்றனர். இதற்குக் காரணம் யாது? பலரும் பலவாறு விடை கூறுவர். அவற்றுள் ஒன்றை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்வோம். வாரந்தோறும் தம் திருநூலின் ஒரு பகுதியைக் கூடியிருந்து வாசித்து, அதனின்று அவ்வாரத்துக்குரிய அறத்தைத் தேடும் வழக்கமே அது.

தண்ணீர் வாசலில் ஒரு காலைப்பொழுது

கி.மு. 586-இல் பாபிலோனிய வேந்தன் நெபுகாத்நேச்சார் எருசலேமை அழித்தான். கோயில் எரியுண்டது; மக்களில் ஒரு பகுதியினர் சிறைப்பிடிக்கப்பட்டுப் பாபிலோனுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். கி.மு. 539-இல் பாரசீக மன்னன் கோரேசு பாபிலோனை வென்றபின், நாடு திரும்ப அவர்களுக்கு வழி பிறந்தது. திரும்பியவர்கள் கண்டது இடிந்த மதிலும் வறண்ட வாழ்வுமே.

அந்நிலையில் நிகழ்ந்த ஒரு கூட்டத்தை நெகேமியாவின் நூல் விரித்துரைக்கிறது. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் நிகழ்ந்ததாகக் கருதப்படும் அக்கூட்டத்தில், ஆண்களும் பெண்களும், கேட்டு உணரத்தக்க பருவத்துச் சிறுவர்களும் எருசலேமின் தண்ணீர் வாசலுக்கு முன் திரண்டனர். மரத்தாலான மேடைமீது எஸ்றா என்னும் மறையறிஞர் நின்று, விடியற்காலை முதல் நண்பகல் வரை திருநூலை வாசித்தார். லேவியர்கள் மக்களிடையே நின்று பொருளை விளக்கினர். கேட்ட மக்கள் அழுதனர். அழவேண்டாம் என்றும், வீட்டுக்குச் சென்று உண்டு மகிழுமாறும், ஏதும் இல்லாதவர்க்கு உணவில் பங்கு அனுப்புமாறும் தலைவர்கள் பணித்தனர்.

இந்நிகழ்ச்சியில் மூன்று கூறுகள் உள்ளன: வாசித்தல், விளக்குதல், இல்லாதவர்க்குக் கொடுத்தல். பின்னாளில் வளர்ந்த பெருமரபின் வித்து இம்மூன்றுமே எனலாம். வாசிப்பு மட்டும் இருந்திருப்பின் அது சடங்காகியிருக்கும். விளக்கம் மட்டும் இருந்திருப்பின் அது புலவர் வாதமாகியிருக்கும். ஏழையின் பங்கு சேர்ந்தமையால் அது அறமாயிற்று.

எருசலேமில் 1913-ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்ட கிரேக்கக் கல்வெட்டு ஒன்று இதற்குச் சான்று பகர்கிறது. தெயோதோத்து என்னும் தலைவர் எழுப்பிய தொழுகைக் கூடத்தைப் பற்றியது அது. கி.பி. 70-இல் உரோமானியர் இரண்டாம் கோயிலை அழித்ததற்கு முற்பட்டது என்பது பெரும்பாலான அறிஞர் கருத்து. அக்கூடம் திருநூலை வாசிப்பதற்கும், கட்டளைகளைக் கற்பிப்பதற்கும், வெளிநாடுகளிலிருந்து வந்து தங்க இடமின்றித் தவிப்போர்க்கு உறையுள் அளிப்பதற்கும் கட்டப்பட்டது என அது கூறுகிறது. ஏடு வாசிக்கும் இடமும் வந்தாரைத் தாங்கும் இடமும் ஒரே கூரையின்கீழ் அமைந்தன.

ஐம்பத்து நான்கு பகுதிகள்

யூதர்தம் திருநூலுள் தலையாயது தோரா எனப்படும் ஐந்நூல். ஆதியாகமம் முதல் உபாகமம் வரையிலான அது ஐம்பத்து நான்கு பகுதிகளாக வகுக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு பகுதியும் 'பராஷா' எனப்படும். தொடக்கச் சொற்களிலிருந்தே அது பெயர் பெறும். ஓய்வுநாளாகிய சனிக்கிழமைதோறும் ஒரு பகுதி வாசிக்கப்படும். ஆண்டில் ஓய்வுநாள்கள் குறையும்போது இரண்டு பகுதிகள் இணைத்து வாசிக்கப்பெறும். திங்கள், வியாழன் ஆகிய நாள்களிலும் அடுத்த பகுதியின் தொடக்கம் சிறிது வாசிக்கப்படுவதுண்டு. அவை பண்டு சந்தை கூடிய நாள்கள். நாட்டுப்புறத்து உழவரும் அன்று நகருக்கு வருவராதலின், அவர்தம் செவிக்கும் அறம் எட்டியது. தண்ணீரின்றி மூன்று நாள் இருத்தல் அரிது. அதுபோல மறைமொழியின்றி மூன்று நாள் கழிதல் ஆகாது என்பது தல்மூது தரும் விளக்கம்.

தோல் சுருளில் கையால் எழுதப்பட்ட ஏட்டிலிருந்தே வாசிக்கவேண்டும். ஏட்டில் உயிர்க்குறிகள் இல்லை, இசைக்குறிகளும் இல்லை. எனவே வாசிப்பவர் வாரம் முழுதும் பயின்று வருதல் வேண்டும். ஓய்வுநாள் காலையில் எழுவர் ஒருவர்பின் ஒருவராக ஏட்டின்முன் அழைக்கப்படுவர். பண்டைக் காலத்தில் எபிரேயம் அறியாதார் பொருட்டு, அரமேய மொழியில் வரிக்குவரி பெயர்த்துரைப்பவர் ஒருவரும் உடன் நின்றார். தாய்மொழி மறந்த தலைமுறையை இகழ்ந்து ஒதுக்காமல், அவர்க்குத் தெரிந்த மொழியில் பொருளைக் கொண்டு சேர்த்தனர்.

மற்றொன்றும் நினைக்கத்தக்கது. கேட்பதற்கு இனிய பகுதிகளை மட்டும் பொறுக்கி எடுக்கும் உரிமை எவர்க்கும் இல்லை. முன்னோர் செய்த பிழைகளும், கலகங்களும், கடுமையான போர்க்கதைகளும், கட்டளை மீறினால் வந்தெய்தும் சாபங்களும் முறைப்படி வாசிக்கப்படும். சாபப் பகுதியைத் தாழ்ந்த குரலில் வாசிப்பதே வழக்கம், விட்டுவிடுதல் வழக்கமன்று. தம் முன்னோரின் குறைகளை ஆண்டுக்கொரு முறை ஊரறிய வாசித்த இனம் தன்னைத் திருத்திக்கொள்ளும் வாயிலைத் திறந்தே வைத்திருந்தது.

கெய்ரோ நகரின் இரு கூடங்கள்

பாபிலோனில் தங்கிவிட்ட யூதர் ஐந்நூலை ஓராண்டில் வாசித்து முடித்தனர். பாலஸ்தீனத்தாரோ சிறு சிறு பகுதிகளாகப் பகுத்து மூன்றாண்டு அளவில் முடித்தனர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் உலகு சுற்றிய துடேலா நகரத்துப் பெஞ்சமின், பழைய கெய்ரோவில் இவ்விரு வழக்கத்தாரும் தனித்தனித் தொழுகைக் கூடங்கள் வைத்திருந்ததைக் கண்டு எழுதியுள்ளார். ஒன்று ஈராக்கிலிருந்து குடியேறியோருடையது. மற்றொன்று பாலஸ்தீன வழிவந்தோருடையது. பிறந்த மண்ணின் வழக்கத்தை இரு சாராரும் விடவில்லை. எனினும், தோரா அருளப்பெற்ற திருநாளிலும், ஐந்நூல் வாசிப்பு நிறைவுறும் மகிழ்ச்சித் திருநாளிலும் இருவரும் ஓரிடத்தில் கூடித் தொழுதனர் என்கிறார் அவர். புலம்பெயர்ந்த ஊரில் ஊர்வழக்கின் பெயரால் பிரிந்து நிற்போர் எக்காலத்தும் உண்டு. பிரிந்தும் கூடத் தெரிந்த அம்மக்களின் பக்குவம் போற்றத்தக்கது.

நோவாவும் ஆபிரகாமும்

வாரப் பகுதியிலிருந்து அறத்தைத் தேடும் முறைக்கு ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். ஆண்டின் இரண்டாம் பகுதி நோவாவின் கதை. நோவா தன் தலைமுறையில் நேர்மையாளன் எனத் திருநூல் கூறுகிறது. 'தன் தலைமுறையில்' என்னும் சொல் ஏன் வந்தது? தல்மூது காலத்து அறிஞரிடையே இது பற்றி வாதம் எழுந்தது. தீயோர் நடுவே வாழ்ந்தும் நல்லவனாயிருந்தான். நல்லோர் தலைமுறையில் பிறந்திருப்பின் இன்னும் உயர்ந்திருப்பான் என்றார் ஒருவர். தீயோரோடு ஒப்பிடுங்காலே நல்லவன். வேறு தலைமுறையில் தனித்துத் தோன்றியிரான் என்றார் மற்றொருவர். பிரான்சு நாட்டின் திரோவா நகரில் வாழ்ந்த பேருரையாசிரியர் ராஷி (1040–1105) இரு கருத்தையும் தம் உரையில் எழுதிவைத்தார்.

பின்வந்தோர் இவ்வினாவை மேலும் வளர்த்தனர். வெள்ளம் வரும் என்று அறிந்த நோவா பேழையைக் கட்டினான். தன் குடும்பத்தைக் காத்தான். அழியப்போகும் பிறர்க்காக ஒரு சொல் மன்றாடினானா? ஆபிரகாமோ, தனக்கு உறவில்லாத சோதோம் நகர மாந்தர்க்காகவும் இறைவனிடம் வாதாடினான். குளிர்காலத்தில் தோலாடை போர்த்துக்கொள்பவன் தான் மட்டும் வெம்மை பெறுகிறான். தீ மூட்டுபவன் தன்னைச் சூழ்ந்தோர்க்கும் வெம்மை தருகிறான் என்று கிழக்கு ஐரோப்பிய ஹசிதிய ஆசான்கள் இதற்கு உவமை கூறுவர். நல்லவனாயிருத்தல் போதுமா, பிறர்க்கு நல்லதைச் செய்தலும் வேண்டுமா? ஆண்டுதோறும் அந்த வாரம் வரும்போது, வணிகனும் தையற்காரனும் சிறுவனும் இவ்வினாவை மீண்டும் எதிர்கொண்டனர். கதை பழையது, கேட்பவனின் வாழ்க்கை மட்டும் ஓராண்டு முதிர்ந்திருக்கும்.

இல்லத்திலும் ஏட்டுத்தாளிலும்

இவ்வறிவு தொழுகைக் கூடத்தோடு நின்றிருப்பின் குடும்பங்களில் வேர் ஊன்றியிராது. எபிரேயம் கற்கும் வாய்ப்பற்ற பெண்டிர்க்காகவே, யானோவ் நகரத்து யாக்கோபு பென் ஈசாக்கு என்பவர் 'செனெ-ரெனெ' என்னும் நூலை, அவர்கள் அன்றாடம் பேசிய இத்திய மொழியில் எழுதினார். இன்று கிடைக்கும் பழம்பதிப்பு 1622-ஆம் ஆண்டினது. வாரப் பகுதிகளின் வரிசையில் கதையும் உரையும் அறிவுரையும் கலந்த அந்நூல் இருநூறுக்கும் மேற்பட்ட பதிப்புகளைக் கண்டது. ஓய்வுநாள் பிற்பகலில் தாய்மார் அதனை வாசிக்கக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் பலர்.

இருபதாம் நூற்றாண்டில் இப்பணியைச் செய்தவரும் ஒரு பெண்மணியே. இரிகா நகரில் 1905-இல் பிறந்து, 1930-இல் எருசலேமில் குடியேறிய நெகாமா லைபோவிட்ஸ், 1942 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், வாரப் பகுதி பற்றிய வினாத்தாள்களை வாரந்தோறும் அனுப்பிவந்தார். உழவரும் படைவீரரும் ஆசிரியரும் செவிலியரும் விடை எழுதி அனுப்பினர். அவற்றையெல்லாம் தம் கையாலேயே சிவப்பு மையால் திருத்தித் திருப்பியனுப்பினார். 1997-இல் மறைந்த அவரது கல்லறையில், அவர் விரும்பியவாறே, 'ஆசிரியை' என்னும் பட்டமே பொறிக்கப்பட்டது.

எபிரேய ஆண்குழந்தைகளைக் கொல்லுமாறு பார்வோன் இட்ட கட்டளையை மீறிய சிப்பிராள், பூவாள் என்னும் மருத்துவச்சியரைப் பற்றி அவர் எழுப்பிய வினா சிறந்தது. மூலத்திலுள்ள தொடரை 'எபிரேயராகிய மருத்துவச்சியர்' என்றும் கொள்ளலாம். 'எபிரேயர்க்கு மருத்துவம் பார்த்தவர்' என்றும் கொள்ளலாம். பின்னதே பொருளெனின் அவர்கள் எகிப்தியப் பெண்டிர் ஆவர். அங்ஙனமாயின், அறத்துணிவும் கொடுமையும் எந்த இனத்துக்கும் பிறப்புரிமை அல்ல என்பது அவர் காட்டிய படிப்பினை.

அயலாரின் உள்ளம்

பத்துக் கட்டளைகளை அடுத்து வரும் பகுதியில் அயலாரை ஒடுக்கலாகாது என்னும் சட்டம் இடம்பெறுகிறது. நீங்களும் எகிப்தில் அயலாராய் இருந்தீர்கள் என்பதே அதற்குக் கூறப்படும் காரணம். அயலார் பற்றிய எச்சரிக்கை தோராவில் முப்பத்தாறு இடங்களில் வருகிறதென்று தல்மூது கணக்கிடுகிறது. ஒரு முறை கூறினால் போதாதா?

போதாது என்பதற்கு நெகாமா ஒரு காரணம் காட்டினார். தாம் பட்ட துன்பத்தின் நினைவு மட்டும் எவரையும் கருணையாளர் ஆக்கிவிடாது. அடிமையாய் இருந்தவன் ஆளும் நிலைக்கு வரும்போது, தான் பட்டதைப் பிறர்க்குச் செய்யவும் கூடும். ஆகவே நினைவைக் கட்டளையோடு பிணைக்கவேண்டியிருந்தது. அந்நினைவு கசப்பாகத் திரியாமலும் செருக்காகப் புளிக்காமலும் இருக்க, வாரந்தோறும் அதனைக் கிளறிப் பார்க்கவேண்டியிருந்தது. யூத மக்கள் இவ்வறத்தை எக்காலத்தும் தவறாது நடத்தினர் என்று கூறுவதற்கில்லை. எந்த மக்களைப் பற்றியும் அங்ஙனம் கூறுதல் இயலாது. தவறிய வாரத்திலும் அளவுகோல் அவர்கள் முன் வாசிக்கப்பட்டது என்பதே இம்மரபின் சிறப்பு.

நம் நாட்டில் ஒரு சான்று

கொங்கணக் கரையில் பன்னெடுங்காலம் வாழ்ந்த பெனே இஸ்ரவேலர் மராத்தி பேசினர். எண்ணெய் ஆட்டிப் பிழைத்தனர். சனிக்கிழமை செக்கை நிறுத்தியமையால் 'சனிவார் தேலி' எனப்பட்டனர். திருநூலை ஓதும் முறையை அவர்கள் ஏறக்குறைய மறந்திருந்தனர். நாளை மட்டும் மறக்கவில்லை. பின்னர்க் கொச்சி யூதரின் துணையால் நூலறிவையும் மீட்டனர். பம்பாயில் 1796-இல் சாமுவேல் எசேக்கியேல் திவேக்கர் எழுப்பிய தொழுகைக் கூடத்தின் பெயர் 'இரக்கத்தின் வாயில்' என்று பொருள்படும். மும்பையின் மஸ்ஜித் இரயில் நிலையம் அக்கூடத்தை ஒட்டியே பெயர் பெற்றதென்பர். நாள்தோறும் அவ்வழியே செல்லும் நம்மவரில் எத்துணை பேர் இதனை அறிவர்?

நமக்குரிய படிப்பினை

பிழைப்பின் பொருட்டுத் தாயகம் விட்டு வந்த நாம், நம் மக்கட்கு எதனை விட்டுச்செல்லப் போகிறோம்? பழம்பெருமை பேசும் மேடைகள் நம்மிடம் உண்டு. பெருமை கேட்ட பிள்ளை கைதட்டிவிட்டு வீடு செல்லும். வினாவைக் கேட்ட பிள்ளையோ விடையைத் தேடும். திருக்குறளில் அதிகாரங்கள் நூற்று முப்பத்து மூன்று. வாரம் ஓர் அதிகாரமாக வீட்டில் வாசித்தால், இரண்டரை ஆண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் ஒரு சுற்று முடியும். மொழி அறியாப் பிள்ளைக்கு அது அறிந்த மொழியிலேயே பொருளுரைப்போம். வாசித்தபின் ஒரே ஒரு வினாவைக் கேட்போம்: இந்த வாரம் நம் தெருவில், நம் அலுவலகத்தில், நேற்று வந்திறங்கிய அயலானிடம் நாம் எவ்வாறு நடந்துகொண்டோம்? முதன்முதலில் இந்நகரில் வந்திறங்கிய நாளில் நமக்கு வாடகைக்கு வீடு தர மறுத்தவரையும் நாம் அறிவோம். தண்ணீர் தந்தவரையும் அறிவோம்.

ஐந்நூலின் இறுதியில் மோசே நேபோ மலைமீது நின்று வாக்களிக்கப்பட்ட நாட்டைக் காண்கிறார். அதனுள் நுழையாமலே மறைகிறார். அவ்விடத்தை வாசித்து முடித்த அன்றே, ஏட்டை மூடிவைத்துவிடாமல், உலகம் படைக்கப்பட்ட முதல் பகுதியை அம்மக்கள் மீண்டும் தொடங்குகின்றனர். சென்று சேராதவர் கற்பித்த நூலை, சேரும் இடமெல்லாம் சுமந்து சென்றவர்கள் அவர்கள். நாமும் தொடங்குவோமாக.