மலையகப் பள்ளிக்குச் செல்லும் முன்



அக்டோபரில் மறைபரப்பு ஞாயிறு முடிந்ததும் இளையோரில் சிலர் சக்ரீஸ்துப் பக்கம் வந்து தயங்கி நிற்பது வழக்கம். "பாதர், லீவுல ஒரு பதினைஞ்சு நாள் வெளிநாட்டுல ஏதாவது ஸ்கூல்ல போய் உதவி பண்ணலாமா?" என்று கேட்பார்கள். இந்த ஆசையை நாம் ஒருபோதும் தட்டிக்கழிப்பதில்லை. புனித திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1990-இல் எழுதிய 'மீட்பரின் மறைப்பணி' சுற்றுமடலின் 82-ஆம் பத்தியில், மறைபரப்புத் தளங்களுக்குப் பணியாற்றச் செல்லும் இளையோரைப் பாராட்டியிருக்கிறார். ஆனால் ஆசை மட்டும் போதாது. தயாரிப்பின்றிச் சென்றால் நம் உதவியே அங்குள்ள பிள்ளைகளுக்குச் சுமையாகிவிடும். அதை நாம் பட்டு அறிந்திருக்கிறோம். பின்னர் சொல்கிறோம்.

மதுரைப் பகுதியிலிருந்து செல்லத்தக்க வெளிநாடுகளில் மிக அருகில் இருப்பது இலங்கை. விமானத்தில் கொழும்புக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். அங்கே கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் தேயிலைத் தோட்டங்களில் வாழும் தமிழ்ப் பிள்ளைகளின் பள்ளிகள் இருக்கின்றன. இவர்கள் யாரோ எவரோ அல்லர். 19-ஆம் நூற்றாண்டில் முதலில் காப்பித் தோட்டங்களுக்கும், 1869-இல் தலைகாட்டிய இலைநோய் காப்பியை அழித்தபின் தேயிலைத் தோட்டங்களுக்கும் கங்காணிகள் வழியாக ஆள் திரட்டப்பட்டபோது, மதுரை, இராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து பஞ்சத்துக்குத் தப்பிச் சென்றவர்களின் பேரப்பிள்ளைகள். மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை வரை நடந்ததில் வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். அந்த வருகையின் இருநூறாம் ஆண்டை நினைவுகூர 2023-இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் நடந்தே சென்றார்கள்.

செல்கிறவர்கள் இந்த வரலாற்றைக் கட்டாயம் படிக்க வேண்டும். 1948-இன் குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964-இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்டன. அண்ணன் இங்கே, தம்பி அங்கே என்று உடைந்த குடும்பங்கள் இன்றும் இரு பக்கமும் உண்டு. "நீங்க இந்தியாவா?" என்று ஒரு பாட்டி கேட்கும்போது அந்தக் கேள்விக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சிரித்துவிட்டு வருவது பெருங்குறை.

அடுத்து, எந்தப் பள்ளி? தோட்ட நிர்வாகங்கள் நடத்திய பள்ளிகளை 1970-களில் அரசு ஏற்றுக்கொண்டது. கத்தோலிக்கப் பள்ளிகளிலும் பெரும்பாலானவை அதற்கு முன்பே, 1960-61-இல், அரசு வசம் சென்றுவிட்டன. ஆகவே நம் ஊர்போல மேற்றிராணியார் கடிதம் ஒன்றோடு வகுப்பறைக்குள் நுழைய முடியாது. அரசுப் பள்ளியானால் அதிபரின் சம்மதமும் வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதியும் வேண்டும். ('அதிபர்' என்றால் அங்கே தலைமையாசிரியர், நம் பிள்ளைகள் நாட்டுத் தலைவர் என்று எண்ணிக்கொண்டார்கள்.) பங்குகளும் துறவற சபைகளும் நடத்தும் முன்பள்ளி, மாலை வகுப்பு, விடுதி ஆகியவற்றில் உதவுவது எளிது. எதுவானாலும் முதல் கடிதம் அங்குள்ள மறைமாவட்டத்துக்கே போக வேண்டும்.

விசா விஷயத்தில் குறுக்கு வழி வேண்டாம். இலங்கையின் சுற்றுலா விசாவில் ஊதியம் பெற்றோ பெறாமலோ வேலை செய்ய அனுமதியில்லை. "நாங்கள் சம்பளமா வாங்குகிறோம்?" என்று வாதாடிப் பயனில்லை. செய்யப்போவது என்ன என்பதை அழைக்கும் மறைமாவட்டத்தின் கடிதத்தில் உள்ளபடி எழுதி, சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் கேட்டு, உரிய விசா பெற வேண்டும். கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். பிள்ளைகளோடு பழகப்போகிறவர்கள் பாஸ்போர்ட் சேவை வழியாகக் காவல்துறை நற்சான்றிதழ் பெறுவதை நம் பங்கில் கட்டாயமாக்கியிருக்கிறோம். ஒரு பெரியவர், "கோயில் பிள்ளைகளையே சந்தேகப்படுறீங்களா சாமி?" என்று வருந்தினார். சந்தேகமல்ல, பெற்றோர் நம்மை நம்பித் தம் பிள்ளைகளை விடுகிறார்கள்.

காலத்தையும் பார்க்க வேண்டும். நமக்குப் பள்ளி ஆண்டு ஜூனில் தொடங்குகிறது. அங்கே வழக்கமாகச் சனவரியில். ஏப்ரலில் புத்தாண்டையொட்டி விடுமுறை விடுகிறார்கள். நம் குழு முதன்முறை சென்றது ஏப்ரல் இரண்டாம் வாரம்! பூட்டிய பள்ளியைப் பார்த்துவிட்டு ஐந்து நாள் சும்மா இருந்தோம். மே மாதத்தில் நமக்கு விடுமுறை, அவர்களுக்கு வகுப்பு. ஆனால் அப்போது தென்மேற்குப் பருவமழை மலையின் மேற்குச் சரிவில் இறங்கத் தொடங்கும். மதுரை அக்கினி நட்சத்திரத்தில் வெந்துகொண்டிருக்க, 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் கம்பளி வேண்டும். குடை, கம்பளிச் சட்டை, ஈரத்தில் வழுக்காத காலணி, அட்டைக்கடிக்கு உப்பு ஆகியவை போதும். 2025 நவம்பரில் வந்த டித்வா புயல் மலையகத்தில் பெரும் மண்சரிவுகளை உண்டாக்கியது. ஆகவே பாதை, தங்குமிடம் பற்றிப் புறப்படும் வாரத்திலும் ஒருமுறை விசாரித்துக்கொள்வது நல்லது.

இனி, பட்டு அறிந்தது என்று மேலே சொன்னோமே, அதற்கு வருகிறோம். "தமிழ்தானே பேசுகிறார்கள், மொழிப் பிரச்சினை ஏது?" என்று எண்ணி, நம் ஊர்ப் பாடநூல்களைப் பெட்டி பெட்டியாகக் கொண்டு சென்றோம். நம் குழுவில் அறிவியல் பட்டதாரிகள் இருவர். பத்து நாள் உற்சாகமாகப் பாடம் நடத்தினார்கள், பிள்ளைகளும் கைதட்டினார்கள். ஊர் திரும்பிய சில வாரங்களில் அந்தப் பள்ளி ஆசிரியை ஒருவர் தொலைபேசியில் பேசினார். கோபமே இல்லாத குரல். "நீங்க போன பிறகு ரெண்டு கிழமை திருத்த வேண்டியதாப் போச்சு, பாதர். பிள்ளைகள் பரீட்சையில உங்கட சொல்லை எழுதுறாங்க."

நாம் இயற்பியல் என்பது அவர்களுக்குப் பௌதிகவியல். வேதியியல் அங்கே இரசாயனவியல். நம் முக்கோணம் அங்கே முக்கோணி, வடிவியல் அங்கே கேத்திரகணிதம், இயற்கணிதம் அங்கே அட்சரகணிதம். ஆக்சிஜனை ஒட்சிசன் என்றும், ஹைட்ரஜனை ஐதரசன் என்றும், கார்பனைக் காபன் என்றும் எழுதுகிறார்கள். வகுப்பைத் 'தரம்' என்பார்கள், நோட்டைக் 'கொப்பி' என்பார்கள். இதில் எது சரி என்ற பேச்சே தேவையில்லை. ஐந்தாம் தரத்தில் புலமைப்பரிசில் பரீட்சை, பதினோராம் தரத்தில் சாதாரண தரப் பரீட்சை என்று அந்தப் பிள்ளைகளின் வாழ்வு தேர்வுகளில் தொங்குகிறது. லயன் வீட்டிலிருந்து வெளியேற அவர்களுக்கு இருக்கும் கதவு அது ஒன்றுதான். அந்தக் கதவருகே நின்று குழப்பிவிட்டு வந்தோம். அங்குள்ள கல்வி வெளியீட்டுத் திணைக்களம் தமிழ்வழிப் பாடநூல்களை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. அன்று நாம் தேடிப் பார்க்கவில்லை. இப்போது புறப்படுவதற்கு மூன்று மாதம் முன்பே அந்நூல்களை அச்செடுத்துச் சனிக்கிழமை மாலைகளில் உட்கார்ந்து படிக்கச் சொல்கிறோம். படிக்காதவர் பயணத்தில் இல்லை.

இதில் நமக்கு வழிகாட்டி நம் மதுரையிலேயே இருந்திருக்கிறார். 1595 முதல் இங்கே பணியாற்றிய கொன்சாலோ பெர்னாந்தஸ் அடிகளார் ஒரு பள்ளியும் மருந்தகமும் நடத்தினார். நல்ல மனிதர், உழைப்பாளி. ஆயினும் பதினொரு ஆண்டுகளில் உள்ளூர் மக்களில் ஒருவர்கூட அவரோடு இணையவில்லை. 'பரங்கி' என்று தள்ளியே நின்றார்கள். 1606-இல் வந்த இராபர்ட் தெ நொபிலி, முத்துக்குளித்துறையில் சில மாதம் தமிழ் படித்துவிட்டே மதுரைக்குள் நுழைந்தார். இங்கும் முதலில் மாணவராகத்தான் அமர்ந்தார். பின்னாளில் 'ஞானோபதேசம்' எழுதுமளவு தமிழ் அவர் கைக்கு வந்தது. பெர்னாந்தஸிடம் குறைந்தது அன்பல்ல. எதிரே இருப்பவர் ஏற்கெனவே என்ன அறிந்திருக்கிறார் என்று கேட்கும் பழக்கம்தான். இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965-இல் வெளியிட்ட மறைபரப்புப் பணி பற்றிய ஏட்டின் 26-ஆம் எண்ணில், செல்லும் நாட்டின் வரலாறு, சமூக அமைப்பு, பழக்கவழக்கம், மொழி ஆகியவற்றை அறிந்துகொள்ளும்படி மறைப்பணியாளரைக் கேட்கிறது.

ஆகவே இப்போது நம் குழுவினர் தனியாக வகுப்பு எடுப்பதில்லை. ஆசிரியை பாடம் நடத்துவார். நாம் பின் வரிசையில் பின்தங்கிய நான்கு பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசிக்க வைக்கிறோம். என்ன வேண்டும் என்று முன்பே அவரிடம் எழுதிக் கேட்கிறோம். கடைசியாகச் சென்றபோது அவர் கேட்டவை: நூலகப் புத்தகங்களுக்கு அட்டை போட்டு எண் எழுதித் தருவது, ஆங்கிலம் பேசிப் பழகத் துணை, ஒழுகும் கூரைக்குத் தகரம். பெருமையாகச் சொல்லிக்கொள்ள எதுவுமில்லைதான். போட்டோவுக்கும் நன்றாக வராது. பிள்ளைகளின் படங்களை வெளியிடக் கூடாது என்பது எப்படியும் நம் விதி.

தங்கும் வீட்டைப் பற்றி லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரம் சொல்வதையே குழுவுக்குச் சட்டமாக வைத்திருக்கிறோம்: தந்த வீட்டில் தங்குவது, வைத்ததை உண்பது, வசதி தேடி வீடு மாறாமல் இருப்பது. காலையில் ரொட்டியும் சம்பலும், பால் விடாத சாயமும் கிடைக்கும். நாட்கூலியில் வாழும் வீடு அது. அரிசிக்கும் பருப்புக்கும் உரிய பணத்தை வீட்டுக்காரர் கையில் கொடுத்தால் வாங்க மாட்டார்கள். அங்குள்ள பங்குத்தந்தையிடம் கொடுத்துச் சேர்ப்பிக்கலாம்.

ஒரு குறிப்பேடு கண்டிப்பாகக் கையிலிருக்கட்டும். பெரியவர்கள் தங்கள் தாத்தா புறப்பட்ட ஊரின் பெயரைச் சொல்வார்கள். சில நேரம் பெயர் சிதைந்திருக்கும், சில நேரம் பக்கத்துக் கண்மாயோ கோயிலோ மட்டும் நினைவிருக்கும். சொன்னதைச் சொன்னபடி எழுதி வாருங்கள். கத்தோலிக்கக் குடும்பமானால் ஞானப்பெயரையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நம் பழைய பங்குகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளில் தேடித்தர அந்தந்தப் பங்குத்தந்தையரை நாமே கேட்கிறோம். சென்ற பயணத்தில் கொண்டுவந்த பதினொரு பெயர்களில் இரண்டு கிடைத்திருக்கின்றன. மற்ற ஒன்பது வீடுகளுக்கும், இன்னும் தேடுகிறோம் என்று கடிதம் எழுதியிருக்கிறோம்.