ஆட்டுப்பால் குடித்த நாய்

1833 நவம்பர். இன்றைய உருகுவேயில், மெர்சிடிஸ் ஊர்ப்பக்கம் ஒரு பண்ணையில் தங்கியிருந்தார் 24 வயது சார்லஸ் டார்வின். வீடு, மனுஷ வாடையே இல்லாத வெட்டவெளியில் பெரிய செம்மறி மந்தை. காவலுக்கு ஒன்றிரண்டு நாய்கள்தான்! எப்படி?

ரொம்பச் சின்னக் குட்டியிலேயே தாயிடமிருந்து பிரித்துவிடுவார்கள். ஒரு பெண் ஆட்டைப் பிடித்துக்கொண்டு, தினம் மூணு நாலு தடவை அதன் மடியில் பால் குடிக்க விடுவார்கள். பட்டிக்குள் ஆட்டு ரோமத்தில் படுக்கை. மற்ற நாய்களோடு சேரக்கூடாது. வீட்டுக் குழந்தைகள்கூடக் கொஞ்சக்கூடாது. போதாக்குறைக்கு, பெரும்பாலும் காயடித்தும் விடுவார்கள் (பாவம்!).

தினமும் இறைச்சிக்காகப் பண்ணை வீட்டுக்கு வரும். கிடைத்ததும், ஏதோ வெட்கப்பட்டதுபோல நழுவும். வீட்டு நாய்கள் விரட்டும். ஓட்டமெல்லாம் மந்தை வரைக்கும்தான். அங்கே திரும்பி நின்று குரைத்தால், துரத்தி வந்த அத்தனையும் ஓட்டம் பிடிக்கும்!

ஆடுகளைத் தன் சகோதரர்களாகவே அது நினைப்பதாக டார்வினுக்குத் தோன்றியது. பின்னே, அதற்கு வேறு யார் இருந்தார்கள்?