காளையார்கோவில் காடும் ஒரு பட்டமும்

பொதுக்காலத்தின் 33ஆம் வாரத்தில், ஈராண்டுக்கு ஒருமுறை, மக்கபேயர் நூல்களிலிருந்து திருப்பலி வாசகங்கள் வருகின்றன. உணவு விதியை மீறாமல் உயிர்துறந்த முதியவர் எலெயாசரையும், ஏழு மைந்தரையும் ஒரே நாளில் இழந்த தாயையும் பற்றி அந்நாள்களில் மறையுரை கேட்கிறோம். ஆயினும் அந்நூல்களின் பெரும்பகுதி போர் வரலாறு. படைபலம் குறைந்த ஒரு சிறிய இனம் பேரரசு ஒன்றை எதிர்த்துத் தனக்கென ஓர் அரசை அமைத்துக்கொண்ட வரலாறு அது. அத்தகைய மக்கள் எதனால் வெல்கிறார்கள், எதனால் வீழ்கிறார்கள் என்ற கேள்விக்கு யூதேய மலைநாடு ஒரு விடை தருகிறது. சிவகங்கைச் சீமையில் வாழும் நமக்கு அதே விடையை நம் சொந்த மண்ணும் தருகிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுள்ளது என எண்ணுகிறோம்.

கி.மு. 167இல் சிரியாவை ஆண்ட கிரேக்க மன்னன் நான்காம் அந்தியோக்கு எருசலேம் கோவிலைத் தீட்டுப்படுத்தினான். மோதயின் ஊரில் வாழ்ந்த குரு மத்தத்தியாவும் அவர்தம் ஐந்து மைந்தரும் அவனை எதிர்த்தெழுந்து மலைகளில் புகுந்தனர். ஓய்வுநாளில் போரிட மறுத்த ஏறத்தாழ 1,000 பேர் பாலைநில மறைவிடங்களில் எதிர்ப்பின்றி மடிந்தபின், தாக்கப்படும்போது ஓய்வுநாளிலும் தற்காத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. தந்தைக்குப்பின் தலைமையேற்ற யூதா மக்கபே நிலத்தையே படைக்கலமாக்கினார். பெத்கோரோன் மலைவழியில் ஏறிவந்த செரோனின் படையைச் சிறு கூட்டத்தோடு திடீரெனத் தாக்கிச் சிதறடித்தார். எம்மாவு அருகே, கோர்கியா 5,000 காலாட்களோடும் 1,000 குதிரை வீரரோடும் இரவில் யூதாவின் பாசறையைத் தாக்கப் புறப்பட்டபோது, யூதா தம் பாசறையை வெறுமையாக விட்டு நீங்கி, எதிரியின் தலைமைப் பாசறையைத் தாக்கி வென்றார். கி.மு. 164இல் கோவில் தூய்மைப்படுத்தப்பட்டது.

இனி நம் சீமைக்கு வருவோம். 1730 வாக்கில் சேதுநாடு பிரிந்தபோது, அதன் ஐந்தில் இரண்டு பங்கு சசிவர்ணத் தேவரின்கீழ்ச் சிவகங்கைச் சீமையாயிற்று. யூதேயாவுக்கு மலை எப்படியோ அப்படியே இச்சீமைக்குக் காளையார்கோவில் காடு. முள்ளும் புதரும் அடர்ந்த அக்காட்டில் குதிரைப்படை விரைய முடியாது. பீரங்கி வண்டி உருள முடியாது. வளரியும் வேலும் ஏந்தி, ஒவ்வொரு தடத்தையும் அறிந்தவனுக்கு அதுவே கோட்டை.

ஆயினும் 1772 ஜூன் 25ஆம் நாள் காளையார்கோவில் வீழ்ந்தது. ஆர்க்காட்டு நவாபுக்காகக் கும்பெனித் தளபதிகள் ஜோசப் ஸ்மித்தும் பான்ஜூரும் எதிரெதிர்த் திசைகளிலிருந்து படை நடத்தி வந்தனர். மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். அரசி வேலுநாச்சியார் மகளோடு திண்டுக்கல் பக்கம் விருப்பாட்சிக்குச் சென்று, கோபால நாயக்கரின் ஆதரவில் தங்கினார். அங்கிருந்து அவர் நடத்திய எட்டாண்டுப் போராட்டம் போர்க்கலை பயில்வோர் கருதத்தக்கது. பிரதானி தாண்டவராய பிள்ளை 1772 டிசம்பரிலேயே மைசூர் ஐதர் அலிக்கு எழுதி, 5,000 குதிரை வீரரும் 5,000 காலாட்களும் வேண்டினார். உதவி உடனே கைகூடவில்லை. அரசி அவசரப்பட்டுப் படையை இழக்கவுமில்லை. உள்நாட்டு மக்களோடு தொடர்பு அறாமல் காத்திருந்தார். 1780இல் ஐதர் அலி கர்நாடகத்தின்மேல் படையெடுத்தார்; நவாபின் கவனம் சிதறிய அதே ஆண்டில் அரசி சிவகங்கையை மீட்டார். அவருக்குத் துணைநின்ற மருது சகோதரர்களுள் பெரியவர் படைக்கும் சின்னவர் நிர்வாகத்துக்கும் பொறுப்பேற்றனர். சருகணித் தேவாலயத்துக்கு மருதிருவர் அளித்த மானியத்தை நம் மக்கள் இன்றும் நன்றியோடு நினைவுகூர்கின்றனர். வேற்றுச் சமயத்தாரையும் தம் குடிகளாகப் போற்றிய ஆட்சி அது.

1799 அக்டோபர் 16இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801 பிப்ரவரியில் அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். மே மாதம் பாஞ்சாலங்குறிச்சி மீண்டும் வீழ்ந்தபின் மருதிருவரிடம் அடைக்கலம் புகுந்தார். அடைக்கலம் கொடுத்ததோடு நில்லாது, ஜூன் 16ஆம் நாள் சின்ன மருது வெளியிட்ட பிரகடனம் திருச்சிக் கோட்டையிலும் திருவரங்கக் கோவிலிலும் ஒட்டப்பட்டது. சாதி, சமய வேறுபாடின்றி எல்லா மக்களையும் விளித்து, அந்நியரை எதிர்க்க அழைத்த அறிக்கை அது. பாளையக்காரர் தத்தம் கோட்டைக்குள் தனித்தனியே நின்று தோற்ற காலத்தில், அனைவரையும் ஒரே அணியாக்க முயன்றதே அதன் சிறப்பு.

கர்னல் அக்னியூ தலைமையில் கும்பெனிப் படை கல்லலுக்கு அருகிலுள்ள அரண்மனை சிறுவயலை அடைந்தபோது ஊர் தீப்பற்றி எரிந்துகொண்டிருந்தது. பகைவன் தங்கவோ உணவு பெறவோ அங்கே இடமில்லை. ஜூலை இறுதியில் அக்னியூ காட்டை வெட்டிக் காளையார்கோவிலுக்குப் பாதை அமைக்கத் தொடங்கினார். ஏறத்தாழ ஒரு மாதம் கோடரிகள் ஓயவில்லை. மரம் வெட்டுவோரும் அவர்களுக்குக் காவல் நின்ற சிப்பாய்களும் புதர்களுக்கிடையிலிருந்து இடைவிடாது தாக்கப்பட்டனர், நோயும் சேர்ந்துகொண்டது. இறுதியில் முயற்சியைக் கைவிட்டுப் படை பின்வாங்கியது. அப்போரில் பங்கேற்ற கர்னல் வெல்ஷ் தம் நினைவுக் குறிப்புகளில் இவற்றையெல்லாம் எழுதியுள்ளார். போருக்கு முந்திய அமைதிக் காலத்தில் வேலெறியவும் வளரி வீசவும் தமக்குக் கற்றுத்தந்தவர் சின்ன மருதுவே என்றும் அவர் குறித்திருக்கிறார்.

காட்டினுள் கோடரியால் நுழைய இயலாதவர்கள் வேறொரு வாயிலைக் கண்டுபிடித்தனர். மருதிருவர் அரச குருதியில் பிறந்தவர்களல்லர். வேலுநாச்சியாரின் மகள் வெள்ளச்சியின் கணவர் வேங்கன் பெரிய உடையாத் தேவரின் பெயரால் ஆட்சி நடந்தது. அதிகாரம் மருதிருவர் கையில் இருந்தது. அரச மரபில் வந்த படமாத்தூர் கௌரி வல்லப உடையாத் தேவரோ சீமைக்கு வெளியே ஒதுங்கி வாழ்ந்தார். கும்பெனி அவரைத் தேடி அழைத்து வந்தது. 1801 செப்டம்பரில் சோழபுரத்தில் அவருக்குச் சிவகங்கையின் சமீன்தார் என்று பட்டம் கட்டியது.

இதன் விளைவை நாம் ஊன்றி நோக்க வேண்டும். அதுவரை போர் அந்நியருக்கும் நாட்டாருக்கும் இடையே நடந்தது. பட்டம் கட்டிய நாள்முதல் அது உரிமையுள்ள மன்னருக்கும் உரிமையற்ற ஊழியருக்கும் இடையிலான வழக்காக உருமாறிற்று. அரச குடும்பத்தை மதித்த எளிய குடிமகன், எந்தப் பக்கம் நிற்பது தன் விசுவாசக் கடமை எனத் தடுமாறினான். பலர் மருதிருவரை விட்டு விலகினர். ஒரு மாதக் கோடரி வேலையால் இயலாததை ஒரு பட்டத்துணி செய்துமுடித்தது. அக்டோபர் 1ஆம் நாள் படைகள் பல திசைகளிலிருந்தும் உள்ளே புகுந்தன, காளையார்கோவில் வீழ்ந்தது. அக்டோபர் 24ஆம் நாள் மருதிருவர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். சின்ன மருதுவின் மகன் துரைச்சாமியும் வேங்கன் பெரிய உடையாத் தேவரும் உட்பட 73 பேர் 1802 பிப்ரவரியில் பினாங்குத் தீவுக்கு நாடுகடத்தப்பட்டனர். 1818இல் அங்கே சென்ற வெல்ஷ், உருக்குலைந்த நிலையில் துரைச்சாமியைக் கண்டதாக எழுதுகிறார்.

மக்கபேயர் நூலை மீண்டும் திறந்தால், இதே வாயில் அங்கேயும் திறந்துகிடப்பதைக் காணலாம். கி.மு. 162இல் அரியணை ஏறிய தெமேத்திரி, யூதேயாவை அடக்கப் படையோடு ஆல்கிம் என்பவரையும் அனுப்பினான். ஆல்கிம் ஆரோனின் வழிமரபினர். அவருக்குத் தலைமைக் குரு பதவி தரப்பட்டது. போராளிகளுள் மிகப் பற்றுறுதி கொண்ட கசிதேயர், ஆரோன் மரபினர் நமக்குத் தீங்கு செய்யார் என நம்பிச் சமாதானம் பேசச் சென்றனர். அவர்களுள் 60 பேர் ஒரே நாளில் கொல்லப்பட்டனர். கி.மு. 160இல் எலாசாவில் யூதாவோடு இருந்த 3,000 பேர், பகைவரின் பெருக்கத்தைக் கண்டு நழுவிச் சென்று 800 பேராகக் குறைந்தனர். யூதா அங்கே வீழ்ந்தார். அவருடைய சகோதரர் யோனத்தானும் சீமோனும் போரைத் தொடர்ந்து, கி.மு. 142இல் விடுதலை பெற்றனர். ஆனால் அந்த அரசும் நிலைக்கவில்லை. பின்னாளில் இரண்டாம் இர்க்கானு, இரண்டாம் அரிஸ்தோபுலு என்னும் உடன்பிறந்தார் இருவர் அரியணைக்காகப் போட்டியிட்டு, இருவருமே உரோமைத் தளபதி பொம்பேயுவிடம் நீதி கேட்டனர். கி.மு. 63இல் பொம்பேயு எருசலேமைக் கைப்பற்றினான். வழக்காட அழைக்கப்பட்டவனே வீட்டுக்கு உரிமையாளனானான்.

இருபது நூற்றாண்டுகளுக்குப் பின், 1948 மே 14ஆம் நாள் இஸ்ரயேல் அரசு அறிவிக்கப்பட்டபோதும் இவ்விரு சிக்கல்களும் எழுந்தன. எம்மாவை அடுத்த லாத்ரூன், எருசலேம் சாலையை மறித்து நின்றது. அதைத் தாக்கிக் கைப்பற்ற முடியாமற்போகவே, மலைகளிடையே மாற்றுப் பாதை ஒன்றை அமைத்து, முற்றுகையிடப்பட்ட நகருக்கு உணவு கொண்டுசென்றனர். இது நில அமைப்பின் சிக்கல். மற்றொன்று அதிகாரத்தின் சிக்கல். அகானா, இர்குன், லேகி எனப் போராளிக் குழுக்கள் பல இருந்தன. ஜூன் மாதம் இர்குன் குழுவினருக்கு ஆயுதம் ஏற்றிவந்த ‘அல்தலேனா’ கப்பலைச் சுடுமாறு பென் குரியோன் ஆணையிட்டார்; யூதரை யூதரே சுட்டனர். ஒரு நாட்டில் இரு படைகள் இருத்தலாகாது என்பது அவர் வாதம். அந்தப் போரில் ஏறத்தாழ ஏழு லட்சம் பாலஸ்தீனிய அரபியர் தம் வீடுகளை இழந்து ஏதிலியராயினர். அவர்களுள் கிறிஸ்தவரும் இருந்தனர். ஓர் இனத்தின் விடுதலை வரலாறு மற்றோர் இனத்தின் வெளியேற்ற வரலாறாகவும் அமைந்ததை மறைத்துவிட்டுப் போர்த்திறனை மட்டும் வியப்பது நீதியாகாது.

கௌரி வல்லபரை இரண்டகர் என்று ஒரு சொல்லில் தள்ளிவிடுவதும் எளிது. அவருக்கும் ஒரு முறையீடு இருந்தது. அதைக் கேட்டுத் தீர்க்க உள்நாட்டில் ஒரு மன்றம் இல்லாமற்போனதே சீமையின் பேரிழப்பு. மருதிருவரின் வீரம் குறைவற்றது. அவர்களுடைய பிரகடனம் எல்லாச் சாதியாரையும் அழைத்தது. ஆனால் தம் சீமையில் ஒதுங்கி நின்ற ஒருவரை அணைத்துக்கொள்ளும் ஏற்பாடு அவர்களிடம் இல்லை. உள்ளே தீர்க்கப்படாத வழக்கு வெளியே விலைபோகும். விலைக்கு வாங்கியவன் என்ன தந்தான்? 1803இல் அரசு வெறும் சமீனாக்கப்பட்டது. 1829இல் கௌரி வல்லபர் மறைந்ததும் வாரிசு வழக்குகள் மூண்டன. முப்பதாண்டுகளுக்கு மேல் நீதிமன்றங்களில் இழுபட்டு, 1863இல் லண்டனிலிருந்த பிரிவி கவுன்சில்தான் காத்தம நாச்சியாருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. சிவகங்கை யாருடையது என்று தேம்ஸ் ஆற்றங்கரையில் முடிவு செய்யப்பட்டது.

இன்று நம் ஊர்களில் அரியணைகள் இல்லை. ஆனால் தேர்வடத்தில் முதலில் யார் கைவைப்பது, கொடியேற்றத்தில் எந்தத் தெருவுக்கு முதல் மரியாதை என்ற வழக்குகள் இருக்கின்றன. வெற்றிலைத் தட்டில் தீரவேண்டியதைக் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் கொண்டுசெல்லும் பங்குகளை நாம் அறிவோம். அங்கே வெல்பவரும் தோற்பவரும் சேர்ந்தே ஏதோ ஒன்றை இழக்கின்றனர். ஒதுங்கி நிற்கும் அந்த ஒரு குடும்பத்தின் வாசலுக்கு, வேறொருவர் பட்டத்தோடு போவதற்குமுன் நாம் போயாக வேண்டும்.