ஜோக் சொல்லும் மலைப்பாதை

அபராதம் போட்டாத்தான் இளைஞன் பைக்கை மெதுவா ஓட்டுவான் என்று எதிரணி நண்பர் முழங்கினார். ஐயா, கொஞ்சம் லடாக் பக்கம் போய்ப் பாருங்க!

1960இல் பிறந்த எல்லைச் சாலைகள் அமைப்பு, 1985இல் லடாக்கிற்கென்றே ‘ஹிமாங்க்’ என்ற பிரிவைத் தொடங்கியது. அவர்கள் போட்ட சாலைகளில் மஞ்சள் பலகைகள். “கல்யாணம் ஆனவரா? வேகத்தை விவாகரத்து செய்யுங்கள்” என்கிறது ஒன்று. “விஸ்கி குடித்து ஓட்டினால் ரிஸ்கி” என்கிறது இன்னொன்று. மூன்றாவது இருக்கே, அது அசல் வீட்டுக்காரம்மா குரல்: “கண்ணா, உன்னைப் பிடிக்கும், இவ்வளவு வேகம் பிடிக்காது!” (சிரிப்பு, கைதட்டல்)

ஏன் இந்த வேடிக்கை? கர்துங் லா கணவாய் 17,000 அடிக்கு மேலே இருக்கிறது. சமவெளியில் நாம் சுவாசிக்கிற ஆக்சிஜனில் ஏறக்குறையப் பாதிதான் அங்கே. பைக்குக்கும் மூச்சு வாங்கும், ஓட்டுகிறவனுக்கும் தலை சுத்தும். அந்த மண்டையிலே சட்டப்பிரிவு ஏறுமா? ஜோக் ஏறும்!

பலகை வைத்தவர்கள் யார் தெரியுமா? அந்தப் பாறையை உடைத்துச் சாலை போட்டவர்கள். பனிச்சரிவிலும் மண்சரிவிலும் போய்விட்ட தோழர்களுக்கு நினைவுக்கல் நட்டதும் அதே சாலை ஓரத்தில்தான். பைக்கை நிறுத்திச் சிரிக்கிறவன் சற்றுத் திரும்பினால் அதுவும் கண்ணில் படும்.