பாக்கெட், ரூட்டர், ஐபி, ஈதர்நெட்: நான்கு பெயர்கள் பிறந்த கதை

வீட்டு இணையப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். ரூட்டர், ஈதர்நெட், ஐபி என்று சொற்கள் வரிசையாக இருக்கும். தினமும் சொல்கிறோம். ஆனால் பொருள் கேட்டால் தடுமாறுகிறோம். தமிழில் சொல்லச் சொன்னால் "அது ஏலாது" என்று விட்டுவிடுகிறோம். இந்தச் சொற்கள் எப்படி வந்தன என்று தெரிந்தால் அந்தப் பயம் போய்விடும்.

பாக்கெட்

1960களில் இருவர் தொலைபேசியில் பேசினால், பேச்சு முடியும்வரை அந்த இணைப்பு முழுவதும் அவர்களுக்கே சொந்தம். பேசாமல் இருந்தாலும் அதை வேறு யாரும் பயன்படுத்த முடியாது. கணினிகளுக்கு இது பொருந்தவில்லை. அவை ஒரு கணம் தகவலைக் கொட்டும். பிறகு வெகுநேரம் சும்மா இருக்கும்.

லண்டனுக்கு அருகே டெடிங்டனில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் வேலை செய்த டொனால்ட் டேவிஸ், 1965இல் ஒரு வழி கண்டார். செய்தியைச் சிறு துண்டுகளாக்க வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் போய்ச்சேர வேண்டிய முகவரி இருக்கும். துண்டுகள் தனித்தனியே பயணம் செய்து, சேருமிடத்தில் மறுபடி ஒன்றாகும். இப்படிச் செய்தால் ஒரே இணைப்பைப் பலர் பங்கிட்டுக்கொள்ளலாம். அமெரிக்காவில் பால் பேரன் என்பவர் சில ஆண்டுகளுக்கு முன்பே தனியாக இதே யோசனைக்கு வந்திருந்தார். ஆனால் நிலைத்தது டேவிஸ் வைத்த பெயர்தான்: பாக்கெட்.

அதை முடிவு செய்யும் முன், தன் ஆய்வகத்தில் இருந்த மொழியியலாளர்களிடம் அவர் ஒன்று கேட்டார்: மற்ற மொழிகளிலும் இதற்கு இணையான சொல் இருக்கிறதா? ஆங்கிலத்துக்கு வெளியேயும் இந்தச் சொல் போகவேண்டியிருக்கும் என்று அன்றைக்கே யோசித்திருக்கிறார்!

தமிழிடம் கேட்டிருந்தால் பதில் தயாராக இருந்திருக்கும். பொதி, பொட்டலம். யாழ்ப்பாணத்தில் என்றால், கச்சான் சுற்றித் தரும் சரை.

ரூட்டர்

1969 அக்டோபர் 29. லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்துக்கு 'லாகின்' என்ற சொல்லை அனுப்ப முயன்றார்கள். 'எல்', 'ஓ' என்ற இரண்டு எழுத்துகள் போனதும் மறுமுனையில் இருந்த கணினி நின்றுவிட்டது. சுமார் ஒரு மணி நேரம் கழித்துத்தான் முழுதாக வேலை செய்தது. இதுவே அர்பாநெட் வலையமைப்பின் முதல் செய்தி.

இரு முனையிலும் ஆள் உயரப் பெட்டி ஒன்று நின்றது. பொதியின் முகவரியைப் பார்த்து அதற்கு வழிகாட்டுவது அதன் வேலை. உங்கள் வீட்டு ரூட்டர் அந்தப் பெட்டியின் பேரப்பிள்ளை. ரூட் என்றால் வழி. ரூட்டர் என்றால் வழிகாட்டி.

ஐபி முகவரி

வெவ்வேறு வலையமைப்புகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான விதிமுறையை 1974இல் வின்ட் செர்ஃப், பாப் கான் இருவரும் வெளியிட்டார்கள். அதிலிருந்து வளர்ந்த முறைக்கு 1983 ஜனவரி 1 அன்று அர்பாநெட் மாறியது. முகவரிக்கு 32 பிட் ஒதுக்கினார்கள். அதாவது சுமார் 430 கோடி முகவரிகள். அன்றைக்கு அது ஏராளம். ஆனால் 2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பு தீர்ந்துவிட்டது. அதனால்தான் இன்று உங்கள் வீட்டு ஃபோன்கள், டிவி, லாப்டாப் எல்லாம் பெரும்பாலும் ஒரே வெளி முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன. 128 பிட் உள்ள புதிய முகவரிகளும் புழக்கத்துக்கு வந்துவிட்டன.

ஈதர்நெட்

ஒளி பரவுவதற்கு 'ஈதர்' என்ற கண்ணுக்குத் தெரியாத பொருள் எங்கும் நிறைந்திருக்கிறது என்று 19ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் நம்பினார்கள். 1887இல் மைக்கல்சனும் மார்லியும் செய்த சோதனையில் அதற்கான தடயமே கிடைக்கவில்லை. 1973இல் ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் பாப் மெட்காஃப், எல்லாக் கணினிகளையும் ஒரே கேபிளில் இணைக்கத் திட்டமிட்டார். எங்கும் தகவலைச் சுமந்து செல்லும் அந்த ஊடகத்துக்கு ஈதரின் பெயரையே வைத்தார். அறிவியல் கைவிட்ட சொல் இப்போது உங்கள் மேசைக்கு அடியில் கேபிளாகக் கிடக்கிறது.

பொதி, வழி, முகவரி, ஊடகம். நான்கும் நம்மிடம் உள்ள சொற்களே. அடுத்த முறை வீடியோ அழைப்பு உறைந்துபோய் "என்ன நடந்தது பிள்ளை?" என்று அம்மம்மா கேட்டால், "இன்டர்நெட் சரியில்லை" என்று முடித்துவிடாதீர்கள். "உங்கட முகத்தைச் சின்னச் சின்னச் சரையாகக் கட்டி அனுப்புகினம். கொஞ்சம் வழியில தவறிப்போச்சு" என்று சொல்லிப் பாருங்கள். அவருக்கு விளங்கும்.